பரிசுக்குள் பகைவர்

கேலிச்சித்திரத் திரைப்படங்களில் அடிக்கடி வரும் காட்சி ஒன்று உண்டு. வீட்டு வாயிலில் ஒரு பெட்டி வந்து இறங்கும். பளபளப்பான தாள் சுற்றி, வண்ண நாடாவால் முடிச்சிட்டு, பார்ப்பவர் கண்ணுக்கு ஆசையூட்டும் வகையில் அஃது அமைந்திருக்கும். உள்ளே பதுங்கியிருப்பவன் யார் என்பது படம் பார்க்கும் சிறுவர் அனைவருக்கும் தெரியும். பெட்டியைப் பெறுகின்றவனுக்கு மட்டும் தெரியாது. அவன் கை நாடாவை அவிழ்க்க நீளும்போது சிறுவர் கூட்டம் மூச்சை அடக்கிக்கொள்ளும். சில குரல்கள் அவனை எச்சரிக்கவும் செய்யும்.

இவ்வகைக் காட்சிகளுள் பெயர்பெற்ற ஒன்று 1944ஆம் ஆண்டில் வெளிவந்த 'மவுஸ் டிரபிள்' என்னும் குறும்படத்தில் இடம்பெற்றுள்ளது. வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பரா ஆகிய இருவரும் எம்.ஜி.எம். நிறுவனத்திற்காக உருவாக்கிய அப்படம், அவ்வாண்டின் சிறந்த கேலிச்சித்திரக் குறும்படத்திற்கான அகாடமி விருதைப் பெற்றது. டாம் என்னும் பூனைக்கு எலி பிடிக்கும் வழிகளைக் கற்பிக்கும் நூல் ஒன்று அஞ்சலில் கிடைக்கிறது. அத்தியாயம் அத்தியாயமாக அதனைப் படித்து, ஜெர்ரி என்னும் எலியின்மேல் செயற்படுத்திப் பார்க்கிறது டாம். பொறி பலிக்கவில்லை, சுருக்குக் கயிறும் பலிக்கவில்லை. பின்னர், தானே ஒரு பரிசுப் பெட்டிக்குள் புகுந்துகொண்டு எலி வளைக்கு எதிரே காத்திருக்கிறது. ஜெர்ரி வெளியே வந்து பெட்டியைத் தட்டிப் பார்க்கிறது. மறுமொழி இல்லை. ஊசிகளைக் கொண்டுவந்து பெட்டியின் எல்லாப் பக்கங்களிலும் குத்துகிறது. அப்போதும் ஓசை இல்லை. பிறகு இரம்பத்தை எடுத்துப் பெட்டியை நடுவே அறுத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்க்கிறது. பார்த்த எலி எச்சிலை விழுங்கிக்கொண்டு, மருத்துவர் எவரேனும் இருக்கின்றனரா என்று கேட்கும் அறிவிப்பு ஒன்றைப் பார்வையாளரை நோக்கி உயர்த்திக் காட்டுகிறது.

ஊசி குத்தியபோதும் டாம் வாய் திறவாமல் இருந்தமையே இக்காட்சிக்கு உயிர். பெறுபவன் சோதிக்கிறான், உள்ளிருப்பவன் பொறுத்துக்கொள்கிறான். இவ்விரண்டும் படக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்தவை அல்ல. பரிசுக்குள் ஒளிந்து பகைவர் நகருக்குள் புகும் சூழ்ச்சி மூவாயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட பழைமை உடையது. கதையிலும் வரலாற்றிலும் அச்சூழ்ச்சி வரும் இடமெல்லாம், பெட்டியைத் தட்டிப் பார்த்தவர் ஒருவர் இருந்திருக்கிறார். அல்லது பெட்டிக்குள்ளிருந்து ஓர் ஓசை எழுந்திருக்கிறது. அவ்வாறாயின் ஏமாந்தவர் ஏன் ஏமாந்தனர்? அவர்கள் மூடர்களாய் இருந்தனர் என்று சொல்லிவிடுவது எளிது. வகுப்பறையில் மாணவர் சொல்லும் முதல் விடையும் அதுவே. அவ்விடை சரியானதுதானா என்பதை ஆராய்ந்து பார்க்கலாம்.

இச்சூழ்ச்சிக்கு உலகெங்கும் பெயர் கொடுத்தது திராய் நகரத்துக் குதிரை. பத்தாண்டுப் போருக்குப் பின்னும் கோட்டை வீழாததைக் கண்ட கிரேக்கர், எப்பியஸ் என்னும் தச்சனைக் கொண்டு பெரிய மரக்குதிரை ஒன்றைச் செய்து, தேர்ந்தெடுத்த வீரரை அதன் வயிற்றில் ஒளித்துவைத்தனர். பாசறையைக் கொளுத்திவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டதுபோல் மறைந்தனர். இக்கதை ஹோமரின் இலியதத்தில் இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அக்காப்பியமோ எக்டரின் ஈமச்சடங்கோடு முடிந்துவிடுகிறது. குதிரை அதில் வருவதில்லை. ஒடிசியிலேதான், அதுவும் நடந்து முடிந்த செய்தியாகப் பிறர் வாய்மொழியில், மூன்றிடங்களில் அது பேசப்படுகிறது. முழுக்கதையையும் விரித்துரைத்தவர் கி.மு. 19ஆம் ஆண்டில் மறைந்த உரோமப் பெருங்கவி வர்ஜில். அவருடைய ஈனியது காப்பியத்தின் இரண்டாம் நூற்பகுதி அதற்கே உரியது.

ஒடிசியில் மெனலாஸ் மன்னன் நினைவுகூரும் நிகழ்ச்சி ஒன்று இங்கே கருதத்தக்கது. குதிரை நகருக்குள் வந்தபின் ஹெலன் அதனருகே வருகிறாள். மூன்று முறை வலம் வந்து, மர வயிற்றைத் தடவிப் பார்த்து, கிரேக்க வீரர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கிறாள். தன் குரலில் அழைத்தாள் அல்லள். அவரவர் மனைவியின் குரலில் அழைத்தாள். பத்தாண்டுகள் கேட்டிராத குரல்! உள்ளிருந்தோர் எழுந்துவிடத் துடித்தனர். அந்திக்லஸ் என்பவன் மறுமொழி கூறவே வாய் திறந்துவிட்டான். ஒடிசியஸ் தன் இரு கைகளாலும் அவன் வாயைப் பொத்தி, ஹெலன் அகலும்வரையில் விடாது பிடித்திருந்தான். ஜெர்ரியின் ஊசியைவிடக் கூரிய சோதனை இது.

வர்ஜிலின் கூற்றில் மற்றொரு சோதனை நிகழ்கிறது. லவோக்கூன் என்னும் பூசகர் ஓடிவந்து, கிரேக்கர் விட்டுச்சென்ற பொருளை நம்பலாகாது என்று நகரத்தாரை எச்சரித்து, குதிரையின் விலாவில் ஈட்டியை எறிகிறார். உட்கூடு முழங்குகிறது. இன்னும் ஒரு குத்து விழுந்திருந்தால் திராய் பிழைத்திருக்கும். ஆயின், அந்நேரத்தில் சைனன் என்னும் கிரேக்கன் கைதியாகக் கொண்டுவரப்படுகிறான். தன் இனத்தாரால் பலியிடப்பட இருந்து தப்பியவன் போல் அழுது, இக்குதிரை ஆதீனா தேவிக்குச் செலுத்தப்பட்ட காணிக்கை என்றும், இதற்குத் தீங்கு செய்தால் நகரம் அழியும் என்றும், நகருக்குள் சென்றால் வெற்றி திராயின் பக்கம் வந்துவிடும் என்று அஞ்சியே வாயிலுக்குள் நுழையாத அளவில் இதனைச் செய்தனர் என்றும் கூறுகிறான். அடுத்து, கடலிலிருந்து இரு பெரும் பாம்புகள் வந்து லவோக்கூனையும் அவர் மைந்தர் இருவரையும் சுற்றிக் கொல்லுகின்றன. காணிக்கையின்மேல் ஈட்டி எறிந்த குற்றத்திற்குத் தெய்வம் அளித்த தண்டனை இது என்று மக்கள் நம்பினர். மதிலை இடித்துக் குதிரையை இழுத்தனர். வாயிற்படியில் அது நான்கு முறை தட்டி நின்றது. நான்கு முறையும் உள்ளே படைக்கலங்கள் ஒலித்தன. பாட்டும் ஆரவாரமும் அவ்வொலியை அமுக்கிவிட்டன.

இவர்களை மூடர் எனலாமா? பத்தாண்டு முற்றுகைக்குப் பிறகு பகைவர் போய்விட்டனர் என்று கேட்க யார்தான் விரும்பார்? எதிரே நிற்பது தெய்வத்திற்குரிய பொருள். அதனைத் தொட்டவர் கண்முன் மாண்டார். அன்றைய அறிவுக்கும் சமயத்திற்கும் ஏற்ற முடிவையே அவர்கள் எடுத்தனர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டைச் சுற்றி எழுதிய பாசேனியஸ் என்பவருக்கும் இவ்வையம் எழுந்திருக்கிறது. திராய் மக்களை அடிமுட்டாள்கள் என்று கருதாதவர், குதிரை என்பது மதிலை இடிப்பதற்குச் செய்த ஒரு பொறியே என்பதை உணர்வர் என்று அவர் கருதினார். கதையையே மாற்றி அவர்களைக் காப்பாற்ற முயன்றார் போலும்! அத்துணைத் தொலைவு செல்ல வேண்டியதில்லை.

கிரேக்க நாட்டு மிக்கனாஸ் தீவில் 1961ஆம் ஆண்டில் மண்ணுக்கடியிலிருந்து பெரிய தாழி ஒன்று கிடைத்தது. கி.மு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் கழுத்தில் திராய்க் குதிரை புடைப்புருவமாக அமைந்துள்ளது. கால்களில் உருளைகள், உடலிலும் கழுத்திலும் சதுரச் சாளரங்கள். ஒவ்வொரு சாளரத்திலும் ஒரு வீரனின் முகம்! மெய்யான குதிரையில் இவ்வாறு சாளரம் வைத்திருந்தால் சூழ்ச்சி அக்கணமே வெளிப்பட்டிருக்கும். கைவினைஞன் அதனை அறியாதவன் அல்லன். தாழியைப் பார்ப்பவர் உள்ளிருப்போரைக் காணவேண்டும், நகரத்தாரோ காணலாகாது என்பதற்காகவே சாளரம் திறந்தான். இன்றைய கேலிச்சித்திரக் காரர்கள் பெட்டிக்குள் இருப்பவனைப் பார்வையாளருக்கு முன்கூட்டியே காட்டிவிடும் முறைக்கு இதுவே மூத்த முன்னோடி எனலாம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அத்தாழியின் உடற்பகுதியில், குதிரைக்குக் கீழே, கட்டங்கட்டமாக வேறு சிற்பங்கள் உள்ளன. வாளேந்திய வீரரும், அவர்முன் மன்றாடும் பெண்டிரும், தாயின் கையிலிருந்து பறிக்கப்பட்டுக் கொல்லப்படும் குழந்தைகளும் அங்கே இருக்கின்றனர். கேலிச்சித்திரத்தில் பெட்டி திறந்தபின் சிரிப்பு வருகிறது. தாழி செய்தவன் பெட்டி திறந்தபின் வந்தது எதுவென்று மறைக்கவில்லை.

திராய்க் கதையைவிடப் பழைய சான்று எகிப்தில் உள்ளது. கி.மு. 15ஆம் நூற்றாண்டில் ஆண்ட மூன்றாம் துத்மோஸ் மன்னனின் படைத்தலைவர் ஜெகூட்டி, யோப்பா நகரைக் கைப்பற்றிய கதை அது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள பாப்பிரசுச் சுருள் ஒன்றில் எழுதப்பட்டுள்ளது. யோப்பாவின் தலைவனைத் தம் இடத்திற்கு வரவழைத்து அடித்து வீழ்த்திய ஜெகூட்டி, 200 கூடைகளில் 200 வீரரை ஒளித்து, 500 பேரைச் சுமக்கச் செய்து, தோற்றுப்போன எகிப்தியர் செலுத்தும் திறைப்பொருள் இது என்று நகரத்தாருக்குச் சொல்லி அனுப்பினார். வாயில் திறந்தது, நகர் வீழ்ந்தது. ஜெகூட்டி வரலாற்றில் வாழ்ந்தவர். கூடைக் கதை வரலாறா புனைவா என்பதில் அறிஞர் கருத்து ஒன்றாக இல்லை. வென்றுவிட்டோம் என்ற செய்தியோடு வரும் கூடையை எண்ணிப் பார்க்க எவருக்கும் பொழுதிராது என்பதை மட்டும் கதை சொன்னவன் நன்கு அறிந்திருக்கிறான். அச்சுருளின் தொடக்கப்பகுதி சிதைந்து மறைந்துவிட்டது.

தொடக்கம் இழந்த நூல் தமிழிலும் ஒன்று உண்டு. அதற்குள்ளும் இதே சூழ்ச்சி உண்டு. திராய்க் குதிரையை அறியாத மாணவர் இலர். கணினிக்குள் நல்ல நிரல்போல் புகுந்து கேடு செய்யும் நிரலுக்கும் இன்று அக்குதிரையின் பெயரே வழங்குகிறது. உதயணனைச் சிறைப்படுத்திய பொறியானையை அறிந்த மாணவர் எத்தனை பேர்? ஆசிரியர் அறைகளிலும் அப்பெயர் அடிக்கடி எழுவதில்லை. இந்நிலை வருந்தத்தக்கது, ஏனெனில், சூழ்ச்சியின் நுட்பத்திலும் அதற்கு இரையானவனின் உள்ளத்தைக் காட்டுவதிலும் யானைக்கதை குதிரைக்கதைக்குச் சற்றும் இளைத்ததன்று.

வத்தவ நாட்டுக் கோசம்பி நகரிலிருந்து ஆண்டவன் உதயணன். அவனிடம் கோடபதி என்னும் யாழ் இருந்தது. அதன் இசைக்கு மதங்கொண்ட யானையும் அடங்கும். அவந்தி நாட்டு உஞ்சை நகரின் வேந்தன் பிரச்சோதனன் அவனைத் தன்கீழ் கொண்டுவர விரும்பினான். போரில் வெல்வது எளிதன்று. ஆதலின், உதயணன் எதனை விரும்புவான் என்பதை ஆராய்ந்தான். காட்டின் எல்லையில் அரிய யானை ஒன்று திரிவதாகச் செய்தி பரப்பப்பட்டது. அந்த யானை மரத்தால் செய்து வண்ணம் பூசிய பொறி. வயிற்றுக்குள் வீரர் இருந்தனர்.

இக்கதை குணாட்டியரின் பிருகத்கதையில் இருந்தது. பைசாச மொழியில் எழுந்த அம்மூல நூல் இன்று கிடைக்கவில்லை. ஆயினும், கதை பல வழிகளில் பிழைத்தது. 11ஆம் நூற்றாண்டில் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரம் அதனைச் சொல்கிறது. பாசருடையதாகக் கருதப்படும் வடமொழி நாடகம் ஒன்று அச்சூழ்ச்சியையும், சிறைப்பட்ட மன்னனை மீட்க அமைச்சன் உரைத்த வஞ்சினத்தையும் பொருளாகக் கொண்டது. தம்மபதத்திற்கு எழுந்த பாலி உரையிலும் இக்கதை உண்டு. அங்கே காணும் நுட்பங்கள் படிப்போரை வியப்பில் ஆழ்த்தும். மர யானையின் வயிற்றில் 60 பேர் இருந்தனர். உள்ளிருந்தபடியே அதனை இயக்கினர். அவ்வப்போது உண்மை யானையின் இலண்டத்தை வெளியே தள்ளவும் செய்தனர். காட்டை அறிந்தவன் காலடியையும் இலண்டத்தையும் பார்த்தே யானையை மதிப்பிடுவான் என்பதைப் பொறி செய்தவர் மறக்கவில்லை. திராய்க் குதிரைக்கு இத்தகைய வேலைப்பாடு தேவைப்படவில்லை. அஃது உயிருள்ள குதிரையாக நடிக்கவில்லை அன்றோ!

உதயணன் யாழை மீட்டினான். எந்த யானையும் திரும்பி நிற்கவேண்டும். இதுவோ கேளாததுபோல் ஓடியது. பாலி உரை காட்டும் இந்த ஓரிடத்தில் கதை முழுவதும் அடங்கியுள்ளது. லவோக்கூனின் ஈட்டி முழங்கியதும், உதயணனின் யாழ் பயனற்றுப்போனதும் ஒரே வகையான எச்சரிக்கைகள். மரத்திற்குச் செவியில்லை. ஆனால், தன் கலையில் வல்லவன் ஒருவன், முதன்முறையாக அக்கலை பலிக்காதபோது என்ன எண்ணுவான்? எதிரே இருப்பது யானையன்று என்று எண்ணுவானா? இதுவரையில் காணாத பெரும் யானை என்றுதான் எண்ணுவான். உதயணன் குதிரையேறித் துரத்தினான். படை பின்தங்கியது. தனியனாய் அகப்பட்டவனைப் பிரச்சோதனன் படை பிடித்துக்கொண்டது. கதாசரித்சாகரத்திலோ, யானை மிரண்டுவிடக்கூடாது என்பதற்காக அவனே படையை நிறுத்திவிட்டு யாழோடு தனியே நெருங்குகிறான். எவ்வாறாயினும், அவனைத் தனிமைப்படுத்தியது அவனது கலையே. அக்கலை இல்லாத வேறொரு மன்னன் படையோடு சென்று தப்பியிருப்பான்.

இக்கதையைத் தமிழில் பெருங்காப்பியமாக்கியவர் கொங்குவேளிர். அவருடைய பெருங்கதையை டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1924ஆம் ஆண்டில் பதிப்பித்தார். நூலின் முதலும் முடிவும் அவருக்குக் கிடைக்கவில்லை. உஞ்சைக் காண்டத்தின் முற்பகுதி ஏட்டோடு அழிந்துபோயிற்று. பொறியானைக் காட்சியும் அதனோடு மறைந்தது. கொங்குவேளிர் அதனை எவ்வாறு பாடியிருப்பார் என்பதை இனி அறிய வழியில்லை. ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய உதயணகுமார காவியத்தைக் கொண்டே தமிழில் கதையின் முன்பகுதியை அறிந்துகொள்ள வேண்டியுள்ளது. கதை தமிழகத்தில் மிக முன்னரே பரவியிருந்தது என்பதற்கு மணிமேகலை சான்று. மணிமேகலை பிச்சைப் பாத்திரம் ஏந்தி வீதிக்கு வந்தபோது மக்கள் திரண்ட காட்சிக்கு, சிறைப்பட்ட வத்தவர் கோமானை மீட்க உஞ்சையில் மாற்றுருவில் தோன்றிய யூகியைச் சூழ்ந்த கூட்டத்தைச் சாத்தனார் உவமை கூறுகிறார். உவமை என்பது கேட்போர் அறிந்த பொருளாக இருந்தாலன்றிப் பயன்படாது.

யூகியின் மீட்புப் பணியும் மாற்றுருவால் நிகழ்ந்தது என்பது நினைக்கத்தக்கது. வஞ்சத்தால் சென்ற மன்னன் வஞ்சத்தாலேயே மீண்டான். உஞ்சையில் நளகிரி என்னும் களிறு மதங்கொண்டு நகரை அலைத்தபோது, அதனை அடக்க வேறு வழியின்றி உதயணனை வெளியே விட்டனர். யாழுக்குக் களிறு அடங்கியது. இது மரயானை அன்று. பிரச்சோதனன் மகிழ்ந்து தன் மகள் வாசவதத்தைக்கு அவனை யாழாசிரியன் ஆக்கினான். முடிவில், யூகியின் ஏற்பாட்டால் நகரில் தீ எழுந்து குழப்பம் மூண்ட வேளையில், பத்திராபதி என்னும் பிடியானையின்மேல் வாசவதத்தையை ஏற்றிக்கொண்டு உதயணன் கோசம்பி நோக்கி விரைந்தான். பொய்யானையால் இழந்ததை மெய்யானையால் மீட்டான்.

இவை கதைகள் என்றும், இவ்வாறு நடந்திருக்க இயலாது என்றும் சொல்வோர் உண்டு. அவர்களுக்கு விடையாக, நாளும் ஆண்டும் தெளிவாகத் தெரிந்த நிகழ்ச்சி ஒன்றைக் காட்டலாம். நடந்த இடம் ஒல்லாந்து நாட்டுப் பிரேடா நகரம், ஆண்டு 1590.

ஒல்லாந்தர் ஸ்பெயின் அரசுக்கு எதிராக விடுதலைப் போர் நடத்திய காலம் அது. பிரேடா 1581ஆம் ஆண்டு முதல் ஸ்பெயின் படையின் கையில் இருந்தது. கோட்டைக்குள் இருந்த காவற்படையினர் பெரும்பாலும் இத்தாலியர். குளிர்காலத்தில் அவர்களுக்கு எரிபொருள் வேண்டும். அந்நாட்டுச் சதுப்பு நிலங்களில் வெட்டியெடுத்து உலர்த்திய எரிமண் கட்டிகளே ஏழை எளியவர் முதல் எல்லார் வீட்டு அடுப்பிலும் எரிந்தன. ஆத்ரியான் வான் பெர்கன் என்னும் படகுக்காரர் அவற்றைப் படகிலேற்றிக் கோட்டைக்குள் கொண்டுசேர்ப்பது வழக்கம். பழகிய படகு ஆதலின், காவலர் அதனைத் துருவி ஆராய்வதில்லை. இதனைக் கவனித்த அவர், ஒல்லாந்தரின் தலைவரான நாசோ மொரீஸ் இளவரசரிடம் தெரிவித்தார்.

ஏறத்தாழ 70 வீரர் எரோஷியேர் என்னும் தலைவரின்கீழ் படகின் அடித்தளத்தில் படுத்தனர். மேலே பலகை, பலகையின்மேல் எரிமண் அடுக்கு. ஓரிரு நாள்களில் முடிந்திருக்க வேண்டிய பயணம் எதிர்க்காற்றாலும் ஆற்றுப் பனிக்கட்டியாலும் நீண்டுகொண்டே போயிற்று. நிமிர்ந்து உட்கார இடமில்லை. உணவு குறைந்தது. பனிக்கட்டி மோதிப் படகு ஒழுகத் தொடங்கவே, தண்ணீரில் கிடந்தனர். குளிரில் இருமலும் தும்மலும் பிடித்துக்கொண்டன. இருமலை அடக்க முடியாத வீரர் ஒருவர், தம்மால் அனைவரும் அகப்பட்டுவிடலாகாதே என்று அஞ்சி, தம்மைக் கத்தியால் குத்திக் கொன்றுவிடுமாறு தோழரை வேண்டினார் என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். தோழர் அதற்கு இசையவில்லை. ஒடிசியஸ் வாயைப் பொத்தினான். இங்கே படகுக்காரர் வேறு வழி கண்டார். ஒழுகும் நீரை இறைப்பதுபோல் இறைப்பொறியை ஓயாமல் இயக்கி, அவ்வோசையில் இருமலை மறைத்தார்.

1590ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் படகு கோட்டையை அடைந்தது. அதிகாரி ஒருவர் படகில் ஏறிச் சிற்றறையைப் பார்த்தார், எரிமண்ணைப் பார்த்தார், இறங்கிவிட்டார். வாய்க்காலில் பனிக்கட்டி தடுத்தபோது, காவற்படை வீரர்களே கயிறு கட்டிப் படகை உள்ளே இழுத்தனர். திராய் மக்கள் குதிரையை இழுத்ததைப் படித்து நகைத்தவர் அவர்களுள்ளும் இருந்திருக்கலாம். இத்தாலியர் வர்ஜிலின் நாட்டார் அல்லரோ! குளிரில் நடுங்கும் வீரனுக்கு எரிமண் படகு வரும்போது வர்ஜில் நினைவுக்கு வருவதில்லை. நினைவுக்கு வருவது அடுப்பு.

எரிமண்ணை உடனே இறக்கத் தொடங்கினர். அடுக்கு குறையக் குறையப் பலகை வெளிப்பட்டுவிடும் நிலை வந்தது. இன்று களைப்பு மிகுதி, மீதியை நாளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, இறக்குவோர் கையில் குடிப்பதற்குக் காசைக் கொடுத்து அனுப்பிவிட்டார் படகுக்காரர். நள்ளிரவுக்குப்பின் வீரர் வெளிவந்தனர். விடிவதற்குள் கோட்டை அவர்கள் வசமாயிற்று. மொரீசின் படை வந்துசேர, மார்ச்சு 4ஆம் நாள் நகரமும் பணிந்தது. ஸ்பெயின் தரப்பின் தலைமைத் தளபதியான பார்மா கோமகன், கோட்டையைக் காக்கத் தவறிய படைத்தலைவர் சிலருக்கு மரண தண்டனை விதித்தார்.

வென்றவர் அப்படகை நினைவுப் பொருளாகப் போற்றி வைத்திருந்தனர். 1625ஆம் ஆண்டில் ஸ்பெயின் தளபதி ஸ்பினோலா நெடிய முற்றுகைக்குப் பின் பிரேடாவை மீட்டார். வெலாஸ்குவஸ் என்னும் ஓவியர் அந்நிகழ்ச்சியைத் தீட்டிய ஓவியம் உலகப் புகழ் பெற்றது. தோற்ற தலைவர் திறவுகோலை நீட்ட, வென்றவர் அவர் தோளில் பரிவோடு கைவைக்கும் காட்சி அது. மனிதரிடம் அப்பரிவைக் காட்டிய ஸ்பெயின் படை, எரிமண் படகிடம் காட்டவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குமுன் தங்களை ஏமாற்றிய அதனைத் தீயிட்டுக் கொளுத்தினர்.

திராய்க்குத் தெய்வ அச்சம், உதயணனுக்குக் கலை, பிரேடா வீரருக்குக் குளிர். இவற்றுள் எதனையும் மடமை என்று சொல்ல மனம் வரவில்லை. சூழ்ச்சி செய்தவர் தச்சுத் திறத்தினும் மிகுதியாக அறிந்திருந்தது, எதிரி எதனைத் தள்ளமாட்டான் என்பதையே. எச்சரிக்கை ஒலி எல்லா இடத்திலும் எழுந்தது. அதனைக் கேட்கவொட்டாமல் செய்தது, பெறுபவர் உள்ளத்தில் ஏற்கெனவே இருந்த ஒன்று. கேலிச்சித்திரத்து எலிக்கு அப்படி ஒன்று இல்லை. அதற்குப் பூனையிடம் எதுவும் வேண்டியதில்லை. எனவே ஊசியைத் தேடிப்போனது.

எச்சரிக்கை தெளிவாகச் செவியில் விழுந்த பின்னும் ஒருவர் பரிசை ஏற்றுக்கொண்டால் அவரை எவ்வாறு மதிப்பது? தமிழிலுள்ள ஒரு வரலாறு இவ்வினாவை எழுப்புகிறது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தில் வரும் மெய்ப்பொருள் நாயனார் வரலாறே அது. அவரை ஏமாந்தோர் வரிசையில் வைப்பது தகுமா என்று சைவப் பெருமக்கள் வினவக்கூடும். ஆயின், பரிசுக்குள் பகை ஒளிந்து அரண்மனைக்குள் புகுந்தது அங்கேயும் அதே வகையில்தான்.

சேதி நாட்டுத் திருக்கோவலூரில் ஆண்டவர் மெய்ப்பொருளார். அடியார் வேடத்தையே மெய்ப்பொருள் என்று கொண்டு வாழ்ந்தவர். அவரோடு பலமுறை போரிட்டுத் தோற்ற முத்தநாதன், உடலெங்கும் திருநீறு பூசி, சடையை முடித்து, கையில் ஒரு புத்தகக் கட்டை ஏந்தி வந்தான். கட்டுக்குள் கத்தி இருந்தது. அடியவர் வருகிறார் என்று வாயிற்காவலர் ஒவ்வொருவரும் வழிவிட்டனர். பள்ளியறை வாயிலில் நின்ற தத்தன் என்னும் காவலன் மட்டும், இது காலமன்று, அரசர் துயில்கிறார் என்று தடுத்தான். பகைவன் அதனைப் பொருட்படுத்தாது உள்ளே புகுந்தான். எங்கும் கிடைத்தற்கரிய ஆகமநூல் ஒன்றைக் கொண்டுவந்திருப்பதாகவும், தனியிடத்தில்தான் அதனை உரைக்க இயலும் என்றும் கூறினான். உதயணனைப் படையிலிருந்து பிரித்ததுபோலவே, இங்கேயும் தனிமை கேட்கப்பட்டது. அரசியை அகலச் சொல்லிவிட்டு, வந்தவனை இருக்கையில் அமர்த்தித் தாம் தரையில் அமர்ந்து வணங்கினார் அரசர். புத்தகக் கட்டு அவிழ்ந்தது. கத்தி பாய்ந்தது. அந்நிலையிலும் அவ்வேடத்தைத் தொழுதார்.

வாயிலிலேயே தன் கருத்தை ஊன்றியிருந்த தத்தன் நொடியில் பாய்ந்து வாளை ஓங்கினான். வீழ்கின்ற அரசர் கையால் தடுத்து, வந்தவர் நம்மவர் என்று சொல்லி, அவருக்கு எந்தத் தீங்கும் நேராமல் ஊரெல்லையைக் கடத்தி விட்டு வருமாறு தத்தனுக்கு ஆணையிட்டார். செய்தி நகரெங்கும் பரவியது. கொலைஞனைக் கொல்ல மக்கள் வளைத்துக்கொண்டனர். அரசரின் ஆணை என்று கூறி அவர்களை விலக்கியபடியே, தான் தடுக்க முயன்ற அதே மனிதனைத் தத்தன் தன் உடலால் காத்து நடத்திச் சென்றான். ஆளரவம் இல்லாத காட்டெல்லையில் அவனை விட்டுவிட்டு விரைந்து திரும்பினான். அச்செய்தியைக் கேட்பதற்காகவே உயிரைத் தாங்கியிருந்த அரசரிடம், அவரைத் தீங்கின்றிக் கொண்டுபோய் விட்டுவந்தேன் என்று சொன்னான்.